நாற்பத்தோராம் பிளேட்

மேல்பாறைத் தோட்டம்,
வித்துரா தபால்.
22 அக்டோபர் 1934

கரமனை, போட்டோகிராபர் வெங்கடசுப்ரமணியன் அவர்கள் சமூகத்துக்கு,

தோட்டத்துக் கூலி லயத்தில் சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் ரத்னாபாய் எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. தெரியாதவருக்குக் கடிதம் எழுதும் பழக்கமும் எனக்கு இல்லை. இப்போது வேறு வழியில்லை.

கழிந்த செப்டம்பர் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்தத் தோட்டத்தில் தேயிலை இலை வாட்டும் மாடி எரிந்துபோனது. கொளுத்தியவன் என் தம்பி யோசுவா என்று கேஸ். அதற்கு முந்தின வாரம் அவனுக்கும் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டருக்கும் வாய்த்தர்க்கம் நடந்தது உண்மைதான். அவன் ஓடுவதைக் கண்டேன் என்று காவல்காரன் வேலப்பன் போலீஸில் சாட்சி மொழி கொடுத்திருக்கிறான். டிசம்பர் மூன்றாம் தேதி நெடுமங்காடு கோர்ட்டில் விசாரணை. எங்கள் வக்கீலின் விலாசம் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன்.

அந்தச் சாயங்காலம் யோசுவா தோட்டத்தில் இல்லை, அய்யா. கடற்கரையில் பீமாபள்ளி தர்காவில் இருந்தான். குழந்தை தவறியதிலிருந்து அவன் மனைவி எலிசாளுக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது. சபையில் ஜெபித்தோம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். பீமாபள்ளி உத்சவத்தில் சந்தனக்குடம் எடுத்தால் தெளியும் என்று லயத்தில் யாரோ சொல்ல, என்னிடம்கூடச் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வித்துராவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது போலீஸ் பிடித்துக்கொண்டது. எங்கே போயிருந்தாய் என்றதற்கு, நெடுமங்காட்டுச் சந்தையில் இருந்தேன் என்று பொய் சொல்லிவிட்டான். தர்காவுக்குப் போனது சபைக்குத் தெரிந்தால் என் வேலை போகும் என்ற பயம். இப்போது உண்மையைச் சொல்கிறான், கேட்பார் இல்லை.

ஜெயிலில் பார்த்தபோது என்னிடம் சொன்னான்: “அக்கா, அங்க ஒரு போட்டோக்காரரு நின்னாரு. கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, அசையாதேயுங்கோன்னு எங்களப் பாத்துச் சொன்னாரு. அவருக்க பெட்டியில கரமனைன்னு எழுதியிருந்து.”

அவன் தலையில் குடம். எலிசாள் ஓடிவிடாதபடி அவள் முந்தானையைத் தன் இடுப்பில் முடிந்து வைத்திருந்தானாம். அப்படி ஒரு ஜோடி உங்கள் படத்தில் இருக்கிறதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரத்னாபாய்


கரமனை,
29 அக்டோபர் 1934

ஸ்ரீமதி ரத்னாபாய் அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

ரெவின்யூ உத்தியோகத்திலிருந்து ரிட்டையரான பேஷ்கார் ஒருவருக்காக இந்த ராஜ்யத்தின் வழிபாட்டு ஸ்தலங்களை நூறு கண்ணாடிப் பிளேட்டுகளில் எடுத்து வருகிறேன். சிதறால் மலையில் சமண உருவங்கள், திருவட்டாறு, வெட்டுக்காட்டு மாதா கோயில் என்று எட்டு மாதமாக அலைச்சல். ஆல்பம் லண்டனில் அச்சாகப் போகிறது. பீமாபள்ளி அதில் நாற்பத்தோராம் பிளேட். ஆயிரக்கணக்கான ஜனங்கள் இருந்த இடத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

மேலும் அந்தப் பிளேட் செப்டம்பர் பதினாறு, ஞாயிறன்று எடுத்ததாக என் டூர் டைரியில் இருக்கிறது. டைரியின் நகல் பேஷ்கார் அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் சொல்வது பதினைந்து. ஆகையால் என்னால் உங்களுக்கு உபயோகம் ஒன்றுமில்லை.

தயவுசெய்து இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். அவசியம் ஏற்பட்டால், சாலைக் கடைத்தெரு, சற்குணம் படச்சட்டக் கடை என்று போட்டால் எனக்குக் கிடைக்கும்.

வெங்கடசுப்ரமணியன்


மேல்பாறைத் தோட்டம்,
3 நவம்பர் 1934

அய்யா,

உபயோகம் ஒன்றுமில்லை என்று எழுதிய நீங்கள், மறுபடி எழுத ஒரு விலாசமும் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பதினாறாம் தேதி காலை எட்டு மணி முதல் என் தம்பி லாக்கப்பில் இருந்தான். அதற்குப் போலீஸாரே சாட்சி. உத்சவம் தொடங்கிய பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு மூன்று நாளும் தோட்டத்து வருகைப் பதிவில் அவன் பெயர் இருக்கிறது. அவன் பீமாபள்ளியில் நின்றிருக்கக்கூடிய நாள் பதினைந்து ஒன்றுதான். உங்கள் படத்தில் அவன் இல்லை என்றால் என்னோடு பேச்சு முடிந்தது. அவன் இருந்தால் உங்கள் டைரி தப்பு.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்கு அதற்கு மேல் கணக்குத் தேவையில்லை.

யோசுவாவுக்கு இடது காது மடல் கிழிந்திருக்கும். சிறு வயதில் வேலிக் கம்பியில் மாட்டியது. பிளேட்டைப் பாருங்கள். பார்த்தேன், இல்லை என்று எழுதினாலும் நம்புகிறேன். பார்க்காமல் எழுதாதீர்கள்.

ரத்னாபாய்


திருவட்டாறு,
9 நவம்பர் 1934

ஸ்ரீமதி ரத்னாபாய் அம்மாளுக்கு,

சாலைக் கடைக்கு வந்த உங்கள் கடிதத்தைச் சற்குணம் இங்கே திருப்பி அனுப்பியிருந்தான். சென்ற மாதம் எடுத்த கோபுரப் படம் மங்கிவிட்டதால் மறுபடி இங்கே வந்திருக்கிறேன். காமிராவை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரமாக ஒன்றும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பிளேட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. உங்கள் முதல் கடிதத்தை வாசித்தபோதே தெரியும். முந்தானை முடிச்சு, குடம், அந்தப் பெண் என் காமிராவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம் தெரியும். ஊர்வலத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் அசையாமல் நின்றவர்கள். அதனால்தான் அந்தப் படம் நன்றாக விழுந்தது. கையிலிருந்த ஒரு பிரதியில் காதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கிழிந்த மடல்தான்.

அந்தப் பிரதியைப் பெயரில்லாமல் உங்கள் வக்கீலுக்கு அனுப்பிவைக்கிறேன். அதை வைத்து அவர் என்ன செய்ய முடியுமோ செய்யட்டும். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். டைரியைப் பற்றியும் கேட்க வேண்டாம். குடும்பக் காரணம் இருக்கிறது. அதற்கு மேல் எழுத முடியாது.

வெங்கடசுப்ரமணியன்


மேல்பாறைத் தோட்டம்,
13 நவம்பர் 1934

அய்யா,

முதல் கடிதத்திலேயே தெரிந்திருந்தும் கவனிக்கவில்லை என்று எழுதினீர்கள். அந்த இரண்டு வாரமும் என் தம்பி ஜெயிலில் இருந்தான்.

உங்கள் பிரதி வக்கீலுக்குக் கிடைத்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இது வெறும் கடுதாசு. எடுத்த ஆள் கூண்டில் ஏறி, என்று எடுத்தேன் என்று சத்தியம் பண்ண வேண்டும். டைரியில் பதினாறு என்று இருப்பதை எதிர்க்கட்சி கண்டுபிடித்தால், படத்தில் இருப்பவன் யோசுவா இல்லை என்று அதை வைத்தே நிரூபித்துவிடுவார்கள்.” ஆக, நீங்கள் பெயரில்லாமல் அனுப்பிய தயவு எங்கள் கழுத்துக்கே கத்தியாக வரலாம்.

யார் எடுத்தது என்று வக்கீல் கேட்டார். நான் சொல்லவில்லை, டைரித் தேதியை மட்டும்தான் சொன்னேன். சம்மன் அனுப்பி உங்களைக் கொண்டுவந்து நிறுத்தலாம். நின்று நீங்கள் “பதினாறு” என்று சொன்னால் அத்தோடு யோசுவாவின் கதை முடிந்தது. மனதில்லாத சாட்சி எனக்கு வேண்டாம்.

குடும்பம் எனக்கும் இருக்கிறது. நேற்று சபை உபதேசியார் லயத்துக்கு வந்தார். தம்பி தர்காவுக்குப் போனது எனக்குத் தெரியாது, அதை நான் வெறுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். போட்டால் வேலை இருக்கும். ஆனால் அவன் அங்கே போனதை நானே வெறுத்து எழுதினால், நாளைக்குக் கோர்ட்டில் யார் அவனுக்காகப் பேசுவார்கள்? யோசிக்க ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி நீங்கள் அங்கே இருந்ததில் என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. கொலையா செய்தீர்கள்?

ரத்னாபாய்


தக்கலை,
19 நவம்பர் 1934

ஸ்ரீமதி ரத்னாபாய் அம்மாளுக்கு,

கொலை செய்யவில்லை. எங்கள் தெருவில் கேட்டால் அதற்கு அடுத்தபடி என்பார்கள்.

செப்டம்பர் பதினைந்து, ஆவணி மாதம் சுக்ல பட்ச சப்தமி. என் தகப்பனார் காலமான திதி. நான் ஒரே பிள்ளை. வருஷா வருஷம் அன்று சிராத்தம் செய்து, பிராமணர்களுக்குச் சாப்பாடு போட்டு, பிண்டம் வைக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். என் தங்கை நாகலக்ஷ்மிக்குச் சம்பந்தம் பேச அம்மா கல்லிடைக்குறிச்சிக்குப் போன இடத்தில் ஜுரம் வந்து படுத்துவிட்டாள். திரும்ப முடியவில்லை. வர்க்கலைக்குப் போய்ப் பாபநாசம் கடற்கரையில் வைதீக வாத்தியாரை வைத்துக் குறைவில்லாமல் செய்துவிடு என்று கடிதம் எழுதியிருந்தாள். செய்கிறேன் என்று பதில் போட்டேன்.

அந்த வாரம் முழுக்க வானம் மூட்டமாக இருந்தது. சந்தனக்குடம் எடுக்க இரண்டு தரம் போய் வெளிச்சம் இல்லாமல் திரும்பினேன். சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பித் தெருவில் இறங்கினால், அப்படி ஒரு வெயில். சிராத்தம் விட்டுப்போனால் அமாவாசையில் செய்யலாம் என்று சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காமிராவை எடுத்துக்கொண்டு பீமாபள்ளிக்குப் போனேன். பிறகு வந்த அமாவாசையில் செய்யவும் இல்லை. செய்தால் ஏன் இப்போது என்று அம்மா கேட்பாளே. ஊருக்கு வந்ததும், “நன்னா நடந்ததோ?” என்று கேட்டாள். நடந்தது என்றேன். டைரியில் பதினைந்துக்கு வர்க்கலை, பதினாறுக்குப் பீமாபள்ளி என்று எழுதி வைத்தேன்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வைதீகர்கள். தகப்பனார் சிராத்தத்தை விட்டுவிட்டுத் தர்காவில் படம் எடுத்த வீட்டில் பெண் எடுப்பார்களா? சித்தப்பா சேஷன் நெடுமங்காட்டில்தான் தாசில்தார் கச்சேரியில் உத்தியோகத்தில் இருக்கிறார். நான் கூண்டில் சொல்வது அன்று சாயங்காலமே கரமனைக்கு வந்துவிடும்.

போதாததற்கு அதே டிசம்பர் மூன்றாம் தேதி கோட்டாற்றில் சவேரியார் திருநாள். நூறாவது பிளேட் அதுதான் என்று பேஷ்கார் அவர்கள் தீர்மானம். இங்கே தக்கலையில் இன்று பீர் முகம்மது தர்காவை எடுத்தேன். வாசலில் பூ விற்கிறவள் நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருக்கிறாள். எட்டு மாதமாக இதையெல்லாம் எடுத்து, எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டு திரியும் நான், என் வீட்டில் ஒரு வார்த்தை உண்மை சொல்ல நடுங்குகிறேன்.

வருவேன் என்று எழுத முடியவில்லை. வரமாட்டேன் என்றும் எழுத முடியவில்லை. என்னைத் திட்டி எழுதுங்கள்.

வெங்கடசுப்ரமணியன்


மேல்பாறைத் தோட்டம்,
23 நவம்பர் 1934

அய்யா,

திட்ட மாட்டேன். நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. உங்கள் தங்கையின் வாழ்வும் என் தம்பியின் வாழ்வும் ஒரே படத்தில் சிக்கிக்கொண்டதற்கு நானும் பொறுப்பில்லை, அவர்களும் பொறுப்பில்லை.

நேற்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். “ஆமா, எனக்க தம்பி பீமாபள்ளிக்குத்தான் போனான். பெண்டாட்டிக்குச் சொகம் கிட்டாதான்னு போனான். நான் எழுதித் தரமாட்டேன்.” அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கிறிஸ்துமஸ் வரைதான் பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று இன்று சபையிலிருந்து சீட்டு வந்திருக்கிறது.

உங்களைப் பார்த்து நான் இதைச் செய்யவில்லை. உங்களைக் கட்டாயப்படுத்தவும் இதை எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

வருவதாக இருந்தால் கண்ணாடிப் பிளேட்டையே கொண்டுவரச் சொன்னார் வக்கீல். வராவிட்டால் பதில் வேண்டாம். மூன்றாம் தேதி பத்து மணிக்கு எனக்குத் தெரிந்துவிடும்.

ரத்னாபாய்


கரமனை,
5 டிசம்பர் 1934

ஸ்ரீமதி ரத்னாபாய் அம்மாளுக்கு,

இனி வீட்டு விலாசத்துக்கே எழுதலாம்.

நீங்கள் கோர்ட்டுக்கு வரவில்லை. காலையில் எலிசாள் காட்டுப் பக்கம் போய்விட்டாள், தேடிப் போயிருக்கிறீர்கள் என்று வக்கீல் சொன்னார். கிடைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அங்கே நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் சொன்னேன். சித்தப்பா வாயிலிருந்து கேட்க வேண்டாம் என்று தோன்றியது. அம்மா கை வேலையை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “அப்போ அன்னிக்கு அப்பா பட்டினியா?”

அம்மா எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. காபி வைக்கிறாள், சாதம் போடுகிறாள்.

மறுநாள் காலை, லண்டனுக்குப் போகவிருந்த பெட்டியைத் திறந்து நாற்பத்தோராம் பிளேட்டை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். உங்கள் வக்கீல் கோர்ட்டில் கொடுத்திருந்த பிரதியை வைத்து விசாரித்து, எதிர்க்கட்சி வக்கீல் பேஷ்கார் வீட்டு டைரி நகலை ஏற்கெனவே வாங்கியிருந்தார்.

“இந்தப் படம் என்று எடுத்தது?”

“செப்டம்பர் பதினைந்து சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி.”

“டைரியில் பதினாறு என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறதே?”

“அது பொய். நான் எழுதிய பொய்.”

“பொய் எழுதுகிறவர் இப்போது சொல்வது மட்டும் நிஜம் என்று எப்படி நம்புவது? பத்து நாள் உத்சவம். பதினைந்துதான் என்று அவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரியும்?”

“அன்று என் தகப்பனார் சிராத்தம். அதைச் செய்யாமல் போய்த்தான் இந்தப் படத்தை எடுத்தேன். அந்தத் தேதி எனக்குத் தவறாது.”

அந்த வக்கீலும் எங்களைப் போலப் பிராமணர்தான். கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பெற்றவருக்குச் செய்ய வேண்டியதை விட்டவர், கோர்ட்டுக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுவாராக்கும்” என்றார். பின்னால் சிலர் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

மாஜிஸ்திரேட் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யோசுவாவைப் பக்கத்தில் வரச் சொல்லி, காதைத் திருப்பிக் காட்டச் சொன்னார். பிளேட்டில் வலது இடமாக இருக்கும், கண்ணாடியின் பின்பக்கமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பதினான்காம் தேதி தீர்ப்பு என்றார்.

போலீஸ்காரர் யோசுவாவை என்னைக் கடந்துதான் கூட்டிப்போனார். அவன் என்னிடம் கேட்டது, “அவ நல்லா விழுந்திருக்காளா சார்?” படத்தில் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. நன்றாக விழுந்திருக்கிறாள் என்றேன்.

கோட்டாற்றுத் திருநாள் போய்விட்டது. பேஷ்கார் அவர்கள் ஆள் அனுப்பி மீதிப் பிளேட்டுகளை வாங்கிக்கொண்டார். பொய் டைரி எழுதியதைக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டவன் பெயர் ஆல்பத்தில் வராது என்று சொல்லியனுப்பினார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து இன்னும் செய்தி இல்லை. நாகலக்ஷ்மி மட்டும் பேசினாள். “அண்ணா, அம்மா ஊருக்கு வந்த அன்னிக்கே நீ சொல்லியிருந்தா அமாவாசைக்குப் பண்ண வெச்சிருப்பா. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்போ ஊரெல்லாம் தெரிஞ்சாச்சு” என்றாள். அவள் சொன்னது நியாயம்.

வெங்கடசுப்ரமணியன்


மேல்பாறைத் தோட்டம்,
18 டிசம்பர் 1934

அய்யா,

நீங்கள் வந்தீர்கள் என்ற செய்தியை எலிசாளைத் தேடிப் போன ஓடைக் கரையில்தான் கேட்டேன். கோர்ட்டுக்குப் போய் வந்த லயத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்து சொன்னாள்.

பதினான்காம் தேதி யோசுவாவை விட்டுவிட்டார்கள். வேலப்பன் இருட்டில் ஆள் மாறிப் பார்த்திருக்கலாம் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறதாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன இருட்டு என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. யார் கொளுத்தினார்கள் என்பதும் தெரியவில்லை. தோட்டத்தில் யோசுவாவுக்கு இனி வேலை கிடையாது. எனக்கும் இன்னும் ஒரு வாரம்தான். மார்த்தாண்டத்துப் பக்கம் என் தாய்மாமன் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஓலை முடையவோ, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவோ ஏதாவது கிடைக்கும்.

எலிசாள் அப்படியேதான் இருக்கிறாள். சந்தனக்குடமும் குணப்படுத்தவில்லை, எங்கள் ஜெபமும் குணப்படுத்தவில்லை. ஆனாலும் போனதற்காக யோசுவா வருத்தப்படவில்லை. நானும் இப்போது வருத்தப்படவில்லை.

உங்கள் தாயார் கேட்டதை வாசித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தம்பி உயிரோடு வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறதற்கு அந்த வார்த்தையை நீங்கள் கேட்க வேண்டியதாயிற்று. நன்றி என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை. ஆகையால் உங்கள் தகப்பனாருக்காக நான் ஜெபித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் தாயாருக்காக ஜெபிக்கலாம். ஜெபிக்கிறேன். பெயர் தெரியாமல் “அந்த அம்மாள்” என்று சொல்வது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அவர்கள் பெயரை எழுதி அனுப்புங்கள்.

ரத்னாபாய்


கரமனை,
27 டிசம்பர் 1934

ஸ்ரீமதி ரத்னாபாய் அம்மாளுக்கு,

மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாகலக்ஷ்மி அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சித்தப்பா வீட்டுப் படி ஏறுவதில்லை. வருகிற அமாவாசையில் விட்டுப்போனதைச் செய்ய வாத்தியாரிடம் கேட்டேன். பிராயச்சித்தம் உண்டு, வா என்றார். சமைக்க ஆள் வேண்டும். அம்மா சமைப்பாளா என்று தெரியாமல் இருந்தது.

உங்கள் கடிதத்தை நேற்று அம்மா இருக்கும்போது சத்தமாக வாசித்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இருபத்துநான்கு நாள் கழித்து அம்மா பேசினாள்.

“வாலாம்பாள்னு எழுது.”

எழுதுகிறேன் என்றேன்.

“அமாவாசைக்கு வாழைக்காயும் பாகற்காயும் வாங்கிண்டு வா. எள்ளு இருக்கு.”

சரி என்றேன். கிளம்பப் போனபோது மறுபடி கூப்பிட்டாள். “அந்தப் பொண்ணு பேர் என்ன? சித்தம் சரியில்லாதவ.”

எலிசாள் என்று சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. தண்ணீரில் கையை வைத்தபடியே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

வெங்கடசுப்ரமணியன்